குமரியோ? தரங்கையோ?

சென்ற ஆண்டுத் தேர்வு சித்திரைத் திங்களில் முடிந்தது. விடுதியெங்கும் பெட்டி கட்டும் ஓசை எழுந்தது. அவரவர் வீடு செல்லுமுன் மூன்று நாள் கடற்கரையில் தங்கி இளைப்பாறுதல் வேண்டும் என்பதில் எம் நண்பர் அறுவர்க்கும் கருத்து வேற்றுமை இல்லை. ஆயின், 'எந்தக் கடற்கரை?' என்னும் வினா எழுந்த அளவிலே அவ்வொற்றுமை குலைந்தது. மூவர் 'கன்னியாகுமரியே' என்றனர். மூவர் 'தரங்கம்பாடியே' என்றனர். இரண்டு இரவு விளக்கணையும் வரை வழக்காடியும் முடிவு தோன்றவில்லை. இறுதியில், 'நீ தமிழ் படிப்பவன். ஊரும் பேரும் ஆராய்வது உன் தொழில். இரண்டையும் சீர்தூக்கி எழுதிக்கொண்டு வா. எழுதியபடி நடப்போம்' என்று அப்பொறுப்பினை என் தலைமேல் ஏற்றினர். யானும் குமரிக் கட்சியினனாகவே இருந்தேன் என்பதை ஈண்டு மறையாது கூறிவிடுதல் முறை. அன்று எழுதியதைச் சற்றே விரித்து, விடுமுறைப் பயணம் கருதும் ஏனைய மாணவர்க்கும் பயன்படுமென்று இங்கே தருகின்றேன்.

கடற்கரை எல்லாம் ஒன்றே எனக் கருதுவார் உளர். மணலும் அலையும் எங்கும் உண்டு என்பது மெய்யே. ஆயினும், கடலை அடுத்த ஊர்கள் மக்களைப் போலவே தத்தமக்கெனத் தனித்த இயல்பு உடையன. நாம் ஆராயப் புகுந்த இரண்டனுள் ஒன்று நாள்தோறும் திருவிழாக் காண்பது. மற்றொன்று திருவிழா முடிந்த மறுநாட் போன்றது. ஒன்று 1979-ஆம் ஆண்டில் புகைவண்டியைப் பெற்றது. மற்றொன்று 1986-ஆம் ஆண்டில் இருந்த புகைவண்டியையும் இழந்தது. இவ்வொரு செய்தியே இரண்டன் நிலையையும் ஒருவாறு விளக்கும்.

முதற்கண் குமரியை நோக்குவோம். குமரி என்னும் பெயர் மிகப் பழையது. தொல்காப்பியப் பாயிரம் தமிழ் கூறும் நிலத்திற்குத் தெற்கெல்லையாகக் காட்டுவது குமரியையே. ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகட்கு முன் கிரேக்க மொழியில் எழுந்த செங்கடற் பயண நூல் ஒன்றும் இத்துறையைக் குறித்து, நோன்பு பூண்டோர் வந்து நீராடும் இடம் என்று கூறுகின்றது. ஆதலின், குமரிமுனைக்குக் கூட்டம் வருதல் நம் காலத்துப் புதுமையன்று. பகவதியம்மன் கோயிலும் நீராடு துறையும் பண்டு தொட்டு மக்களை ஈர்த்து வந்துள்ளன. விவேகானந்தர் 1892-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்களில் கடலிடைப் பாறையில் அமர்ந்து சிந்தித்தார். அப்பாறைமீது எழுந்த நினைவு மண்டபம் 1970-ஆம் ஆண்டில் திறக்கப்பெற்றது. காந்தியடிகளின் சாம்பற் கலயம் வைக்கப்பெற்ற இடத்தில் 1956-ஆம் ஆண்டில் மண்டபம் ஒன்று எழுந்தது. குமரி மாவட்டம் நம் மாநிலத்தோடு இணைந்ததும் அவ்வாண்டு நவம்பர் 1-ஆம் நாளே.

தமிழ் மாணவர் தலைநிமிர்ந்து காண வேண்டிய மற்றொன்று அங்கு உண்டு. 2000-ஆம் ஆண்டு சனவரி முதல் நாளில் திறக்கப்பெற்ற திருவள்ளுவர் சிலை, அடித்தளத்தோடு சேர்த்து 133 அடி உயரமுடையது. அறத்துப்பாலின் அதிகாரங்கள் 38 ஆதலின் பீடம் 38 அடி; பொருட்பாலும் இன்பத்துப்பாலும் சேர்ந்து 95 அதிகாரம் ஆதலின் சிலை 95 அடி. அறமாகிய அடித்தளத்தின்மேலன்றிப் பொருளும் இன்பமும் நில்லா என்பதைக் கல்லிலே காட்டிய கருத்து இது. இரு பாறைகட்கும் இடையே 77 மீட்டர் நீளமுள்ள கண்ணாடிப் பாலம் ஒன்று 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 30-ஆம் நாள் திறக்கப்பெற்றது. பாறையை அடையப் படகே வழி. கடல் கொந்தளிக்கும் நாளில் படகு விடுவதில்லை. நெடுந்தொலைவு சென்றும் கரையில் நின்று சிலையை நோக்கிவிட்டு மீண்டார் பலர் உளர்.

இனி, குமரியின் தனிப்பெருஞ் சிறப்பாகப் பலரும் பேசுவது கதிரவன் தோற்றமும் மறைவுமாகும். நெய்தல் திணைக்கு நம் முன்னோர் வகுத்த சிறுபொழுது எற்பாடு. அச்சொல்லுக்குக் கதிர் சாயும் பொழுது என்று பொருள் கொள்வர். ஆயின், சோழநாட்டுக் கடற்கரையில் நிற்பான் ஒருவனுக்கு அப்பொழுதில் ஞாயிறு முதுகின் பின்னே நிலத்திலன்றோ சாய்கின்றது! கடலினின்று எழும் ஞாயிற்றையும் கடலில் விழும் ஞாயிற்றையும் ஓரிடத்து நின்றே காணுதற்குக் குமரி போன்ற முனையே ஏற்றது. இஃது ஆண்டு முழுதும் கிட்டும் காட்சி என எண்ணுதல் பிழை. காரணம் கூறுவேன்.

ஞாயிறு எழும் இடமும் மறையும் இடமும் நாளும் மாறுவன. மார்கழியில் அது நேர்கிழக்கினின்றும் நேர்மேற்கினின்றும் தெற்கே விலகித் தோன்றி மறையும். ஆனியில் வடக்கே விலகும். குமரிமுனையில் கீழ்க்கரை வடகிழக்காகச் செல்வது. ஆதலின் எம்மாதத்தும் ஞாயிறு கடலினின்றே எழும். மேற்கரையோ மேற்கினின்று சற்றே வடக்காகச் சாய்ந்து செல்வது. ஆதலின், ஞாயிறு வடக்கே ஒதுங்கும் வைகாசி, ஆனி, ஆடித் திங்கள்களில் அது கடலில் மறையாது நிலத்தின் பின்னே மறையும். ஐப்பசி முதல் பங்குனி வரையே கடலில் மறையும் காட்சியை நம்பிச் செல்லலாம். அவற்றுள்ளும் ஐப்பசி கார்த்திகையில் மேகம் மறைத்தல் கூடும். சித்திரை நிறைமதி நாளில் ஒருபுறம் ஞாயிறு மறைய மறுபுறம் திங்கள் எழும் என்று பெருங்கூட்டம் கூடுகின்றது. நிறைமதி என்பதே ஞாயிற்றுக்கு நேர் எதிரே திங்கள் நிற்கும் நிலை. ஆதலின் எத்திங்களிலும் நிறைமதி நாளில் அஃது ஏறக்குறைய அவ்வாறே நிகழும். தையிலும் மாசியிலும் செல்வோர்க்கு ஞாயிறும் கடலில் இறங்கும், திங்களும் கடலினின்று ஏறும்; கூட்டமும் குறைவு.

முக்கடலும் கூடுமிடத்தில் மூன்று நிற நீரைக் காணலாம் என்பதும் வழங்கிவரும் ஒரு பேச்சு. கடலுக்குக் கடல் வேலியில்லை. எல்லை வகுத்ததும் பெயரிட்டதும் மாந்தரே. நீரின் நிறம் ஆழத்தாலும், கலங்கிய மணலாலும், வானத்து ஒளியாலும் மாறுவது. நிறம் வேறுபட்டது உண்மையில் ஆங்குள்ள மணலே. மலைப்பாறைகள் பன்னெடுங்காலம் தேய்ந்து, ஆறுகளால் அடித்து வரப்பெற்று, அலைகளால் தெள்ளப்பெற்றுக் கரையில் ஒதுங்கியவை அவை. செந்நிறமுடையது கார்னெட், கருநிறமுடையது இல்மனைட், மஞ்சள் சாயலுடையது மோனசைட். முறத்திற் புடைத்தாற்போல அலையானது கனமுள்ள மணியை ஒருபாலும் கனமற்றதை ஒருபாலும் பிரித்து வைத்துள்ளது.

இனித் தரங்கம்பாடிக்கு வருவோம். மயிலாடுதுறையினின்று ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவிற் பேருந்து வழியில் உள்ளது இச்சிற்றூர். 'தரங்கம்' என்றால் அலை. ஆதலின் 'அலைகள் பாடும் ஊர்' என்று பெயர்க்குப் பொருள் கூறி மகிழ்வர். இனிய பொருளே, ஆயினும் பாடி என்பது ஊரைக் குறிக்கும் பழஞ்சொல் என்பதை நாம் மறத்தல் ஆகாது. கல்வெட்டு இவ்வூரைச் சடங்கன்பாடி என்று குறிக்கின்றது. பாண்டியன் மாறவர்மன் குலசேகரன் காலத்தில், 1306-ஆம் ஆண்டை ஒட்டி எழுந்த மாசிலாமணிநாதர் கோயில் கரையோரத்தே நிற்கின்றது. அதன் முற்பகுதியைக் கடல் கொண்டுவிட்டது.

டென்மார்க்கு நாட்டார் 1620-ஆம் ஆண்டில் தஞ்சை நாயக்க மன்னர் இரகுநாதரோடு உடன்படிக்கை செய்து இங்கே கோட்டை கட்டினர். டான்ஸ்போர்க் என்னும் அக்கோட்டை இன்றும் கடலை நோக்கி நிற்கின்றது; அதனுள் அருங்காட்சியகம் உள்ளது. 1792-ஆம் ஆண்டில் எழுந்த நகர வாயிலைக் கடந்தால் நேரே கடல் வரை செல்லும் ஒரு தெரு. அதன் இருபாலும் பழைய மாளிகைகள். 1701-ஆம் ஆண்டைச் சேர்ந்த சீயோன் ஆலயமும் 1718-ஆம் ஆண்டைச் சேர்ந்த புதிய எருசலேம் ஆலயமும் அத்தெருவிலேயே உள்ளன. 1706-ஆம் ஆண்டில் இங்குக் கரையிறங்கிய சீகன்பால்கு, சிறுவரோடு அமர்ந்து மணலில் எழுத்தெழுதித் தமிழ் பயின்றார் என்பர். அவர் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715-ஆம் ஆண்டில் இவ்வூரிலேயே தமிழில் அச்சேறி முடிந்தது. ஓலையில் வாழ்ந்த தமிழ் தாளில் நடக்கப் பழகிய ஊர்களுள் இஃது ஒன்று. தமிழ் படிப்பவன் கால் வைக்கக் கூசும் மண் இதுவும் ஆகும்.

இத்துணைப் பெருமையுடைய ஊர் ஏன் இத்துணை அமைதியாக உள்ளது? 1845-ஆம் ஆண்டில் டேனியர் தம் இந்தியக் குடியேற்றங்களான தரங்கம்பாடியையும் சிராம்பூரையும் பன்னிரண்டரை இலட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயர்க்கு விற்றனர். 1861-ஆம் ஆண்டில் நாகப்பட்டினத்தினின்று தஞ்சைக்குப் புகைவண்டிப் பாதை அமைந்தது. வாணிகம் பாதை உள்ள துறையை நாடிச் சென்றது. தரங்கைத் துறை வறிதாயிற்று. வறுமை சில வேளைகளிற் காவலனாவதும் உண்டு. புதுக்கட்டடம் எழுப்பப் பொருளில்லாத ஊரில் பழங்கட்டடம் எஞ்சி நின்றது. இன்று அங்குச் செல்வோன் காணத்தக்கவற்றை எல்லாம் ஒரு காலைப் பொழுதிலே நடந்து கண்டுவிடலாம். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. அங்ஙனம் ஒன்றுமில்லாதிருத்தலே அவ்வூரின் கொடை.

'தரங்கம்பாடிக் காற்றில் ஓசோன் மிகுதி. அதனை உண்டால் உடல் தேறும்' என்று எம் நண்பருள் ஒருவர் தம் கட்சிக்கு வலிவு தேடினார். இதனை அவ்வூரின் பெருமையாகப் பலரும் கூறக் கேட்டிருக்கின்றோம். ஓசோன் விண்ணின் உயரத்தே இருந்து ஞாயிற்றின் கொடுங்கதிரைத் தடுக்குங்கால் நமக்கு நன்மை செய்வது. மூக்கின் வழி உட்புகுங்கால் நுரையீரலை வருத்துவது. கடற்காற்றின் மணம் ஓசோனால் ஆவது என்பது ஐரோப்பியர் முற்காலத்துக் கொண்டிருந்த நம்பிக்கை. அம்மணம் கடலில் வாழும் நுண்ணிய பாசியுயிர்களினின்று எழும் கந்தகச் சேர்மத்தினின்று பெரும்பாலும் வருவது. தரங்கையில் உடல் தேறுவது உண்மையே. ஆயின் அதற்குக் காரணம் இரவில் எட்டு மணிநேர உறக்கமும் இரைச்சலற்ற தெருவுமே. மெய்யான சிறப்பு இருக்கப் பொய்ச்சிறப்பு எதற்கு?

இதுகாறும் ஊர்களை நோக்கினோம். யாரும் நோக்க மறப்பது கடலை. கடற்கரைக்குச் செல்வோன் ஊரைக் கேட்கின்றான், விடுதியைக் கேட்கின்றான், உணவைக் கேட்கின்றான். 'இம்மாதத்தில் அக்கடல் எவ்வாறு இருக்கும்?' என்று கேட்பதில்லை. இக்கேள்வியே உயிர்க்கேள்வி என்பதை எனக்கு உணர்த்தியது ஒரு நிகழ்ச்சி. 2024-ஆம் ஆண்டு மே 6-ஆம் நாள் குமரி மாவட்டத்துக் கணபதிபுரத்தை அடுத்த கடற்கரையில் மருத்துவ மாணவர் ஐவரைக் கடல் கொண்டது. நம்மைப் போலவே படித்துக்கொண்டிருந்தவர். நம்மைப் போலவே நண்பரோடு சென்றவர். அந்நாட்களிற் புயல் இல்லை, மழை இல்லை. ஆயினும் கடல் சீறும் என்ற எச்சரிக்கை முன்னரே விடப்பெற்றிருந்தது.

இவ்வாறு சீறுவதைக் 'கள்ளக்கடல்' என்று மேற்கரைப் பரதவர் அழைப்பர். கள்வன் போல் அறிவியாது வருவதால் அப்பெயர் பெற்றது. உலக அறிவியலாரும் இச்சொல்லையே ஏற்றுக்கொண்டுள்ளனர். இதன் பிறப்பிடம் நம் கரையன்று. தென்கோடியில், இந்தியப் பெருங்கடலின் தெற்கெல்லையில், பெரும் புயற்காற்று நீரை அலைக்கின்றது. அவ்வலைகள் பல ஆயிரம் கிலோமீட்டர் கடந்து சில நாள் கழித்து நம் கரையை அடைகின்றன. நடுக்கடலில் அவை நீண்டு தாழ்ந்து செல்வதால் கண்ணுக்குப் புலப்படா. கரையருகே ஆழம் குறையுங்கால் திடுமென உயர்ந்து பாய்கின்றன. காற்றோ மேகமோ முன்னறிவிப்பதில்லை. இது மிகுதியும் நிகழ்வது சித்திரை வைகாசியில். அதாவது, கல்லூரிகள் மூடி மாணவர் கடற்கரை நாடும் அக்காலத்திலேயே. தெற்கு நோக்கித் திறந்து கிடக்கும் குமரிக் கரைக்கு இவ்வலைகள் தடையின்றி வருகின்றன. தரங்கைக்குத் தெற்கே இலங்கைத் தீவு குறுக்கே கிடத்தலால் தென்னலைகள் ஓரளவு மறிக்கப்படுகின்றன.

இது கொண்டு தரங்கைக் கடல் தீங்கற்றது என்று கொள்ளற்க. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாட்காலை ஆழிப்பேரலை இரு கரையையும் அழித்தது. குமரியில் பாறைக்குச் சென்றவர் நூற்றுக்கணக்கில் மீளவியலாது நின்றனர்; தரங்கையில் மீனவர் குப்பத்து வீடுகள் பல இருந்த இடம் தெரியாமற் போயின. 2007-ஆம் ஆண்டு முதல் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை முன்னறிவிப்பு நிலையம் இயங்குகின்றது. கள்ளக்கடல் எச்சரிக்கையும் அங்கிருந்தே வருவது. கடல் திடுமெனப் பின்வாங்கின் வேடிக்கை பார்த்து நில்லாது மேட்டு நிலத்திற்கு ஓடுதல் வேண்டும். தரங்கைக் கரையில் அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் இடிந்த சுவர்க்கற்களும் உண்டு; அவற்றினிடையே நீராடுதல் ஆகாது.

இரு கரைக்கும் பொதுவான பகை இழுவை நீரோட்டம். கரையில் மோதிய அலைநீர் மீண்டு செல்ல வழி தேடி, ஒரு குறுகிய வாய்க்காலாகக் கூடிக் கடலுள் பாய்வதே அது. அவ்விடத்தே அலை உடைவதில்லை. ஆதலின் அஃது அமைதியாகத் தோன்றும். நீந்தத் தெரியாதவன் அச்சம் தீர்ந்து இறங்கும் இடமும் அதுவே. அகப்பட்டவன் கரையை நோக்கி நீந்தினால் களைத்து அமிழ்வான். கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தினால் அவ்வாய்க்காலைக் கடந்து பிழைப்பான். இவற்றினும் எளிய வழி ஒன்றுண்டு: இறங்குமுன் கரையில் வலை பின்னும் பெரியவரைக் கேட்பது. அவர் 'இன்றைக்கு வேண்டாம், தம்பி' என்றால் இறங்காதிருத்தல்.

ஆகவே, யான் கண்ட முடிவு இது: ஊரைத் தேர்வதற்கு முன் திங்களைத் தேர்க; திங்களைத் தேர்வதற்கு முன் உன் தேவையைத் தேர்க. புதியன பல காணவும், வீட்டாரோடு மகிழவும், நெடுவழி செல்லவும் விழைவோர்க்குக் குமரி ஏற்றது. அதற்குரிய காலம் தையும் மாசியும். படித்துக் களைத்த கண்ணும் மனமும் ஆறவேண்டின் தரங்கை ஏற்றது. கோடை வெயில் அங்கும் கடியதே. ஆயினும் நண்பகலுக்குப் பின் சூடேறிய நிலத்தை நோக்கிக் கடற்காற்று வீசுதலால் மாலை இனிதாகும். ஏப்ரல் 15 முதல் சூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லாமையால் மீனுக்குச் சற்று முடையுண்டு என்பதையும் உணவு விரும்பிகள் நினைவிற் கொள்க. சித்திரையில் குமரி சென்றால் கடலில் மறையும் ஞாயிறும் ஐயம், படகும் ஐயம், நீராடுதலோ இடர். எனவே, யான் சார்ந்த கட்சிக்கு எதிராகவே தீர்ப்பெழுத நேர்ந்தது.

நண்பர் முன் இதனைப் படித்தேன். குமரிக் கட்சியினர் இருவரும் 'கட்சி மாறினாய்' என்று சினந்தனர். 'மாறவில்லை, தள்ளி வைத்தேன்' என்றேன். சித்திரையில் தரங்கை சென்றோம். மிகச் சினந்த நண்பர் முதல் நாள் மாலை கோட்டை மதிலோரத்து நிழலிற் படுத்தவர், விளக்கேற்றும் வேளையிலேயே விழித்தார். தேர்வு தொடங்கிய நாள் முதல் அவர் அவ்வாறு உறங்கியதில்லை. இரண்டாம் நாள் கடலில் இறங்க முனைந்தபொழுது வலை பின்னியிருந்த முதியவர் கையசைத்துத் தடுத்தார். அறுவரும் கரையிலேயே அமர்ந்தோம். அதனால் இழந்தது ஒன்றுமில்லை.

பின்பு தைப்பூசத்து நிறைமதி நாளில் குமரி சென்றோம். மேற்கே ஞாயிறு கடலில் இறங்க, கிழக்கே திங்கள் கடலினின்று ஏறக் கண்டோம். அறுவராய்ச் சென்றோம், அறுவராய் மீண்டோம்.